பகிர்தலும் பேணுதலும்: பழைய கணினி இல்லத்துக் கோப்புச் சேவையகமாதல்

ஏட்டுச்சுவடிகள் வழங்கிய காலத்தில், ஓலை செல்லரித்துச் சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையிற் படியெடுத்தல் கற்றோர் கடனாயிருந்தது. ஒரே படியாய் நின்ற நூல் அப்படியோடு அழிந்தது. பல இடங்களிற் படியெடுக்கப்பட்ட நூல் பிழைத்தது. இன்று ஒரு குடும்பத்தின் நிழற்படங்களும், பிள்ளைகளின் பாடக்குறிப்புகளும், காணி உறுதிகளின் படிகளும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பென் ட்ரைவிலும் சிதறிக் கிடக்கின்றன. ஏடு மாறியதேயன்றி அழிவின் இயல்பு மாறவில்லை. இவற்றை ஓரிடத்தே தொகுத்து, வீட்டார் யாவரும் எடுத்தாளுமாறு வைத்தற்குப் பழைய கணினி ஒன்றே போதும். அது யாங்ஙனம் அமையும் என்பதும், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கோப்புச் சேவையகம் என்பது யாது? ஒரு வலையமைப்பிலுள்ள பிற கணினிகள் கேட்கும் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும், அவை அனுப்பும் கோப்புகளை வாங்கி வைப்பதுமே தொழிலாகவுடைய கணினி அதுவாம். கோப்பை எடுத்துக் கொடுத்தற்குப் பெரிய கணிப்பாற்றல் வேண்டுவதில்லை. 2025 ஒக்ரோபர் 14 அன்று விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்தியபோது, விண்டோஸ் 11 கோரும் தகுதிகளைப் பெறாத கணினிகள் பல மூலையில் ஒதுக்கப்பட்டன. 2 கிகாபைற்று நினைவகமும் பழுதற்ற வன்றட்டும் இருப்பின், அத்தகைய கணினி இத்தொழிலுக்குப் பெரிதும் தகுதியுடையதே.

இதனை இயலச்செய்த மென்பொருளின் வரலாறு சுவையுடையது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்தற்குக் கையாளும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை 1980 களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்திலே தோன்றியது. அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பார், வலையமைப்பினூடே செல்லும் செய்திகளை உற்றுநோக்கி, அவற்றின் ஒழுங்கை உய்த்துணர்ந்து, வேறு வகைக் கணினியும் அந்நெறிமுறையிற் பேசுதற்குரிய நிரலொன்றை எழுதி 1992 இன் தொடக்கத்தில் வெளியிட்டார். எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லொன்றைச் சொற்பட்டியலில் தேடியதன் பயனாக அது பின்னர் ‘சாம்பா’ எனப் பெயர்பெற்றது. அவரே 1996 இல், போல் மக்கெராஸ் என்பாருடன் சேர்ந்து, ‘ஆர்சிங்க்’ என்னும் மற்றொரு நிரலையும் உலகுக்கு அளித்தார். முன்னது பகிர்தற்குரியது, பின்னது படியெடுத்தற்குரியது. இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, அமைக்கும் முறையை நோக்குதல் பொருந்தும். முதலில் கணினியின் உள்ளே படிந்த தூசியை நீக்கி, விசிறி தடையின்றிச் சுழல்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். நாளும் நேரமும் பிழைபட்டுக் காட்டின், தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவான சிறு மின்கலத்தை மாற்றலாம். மடிக்கணினியாயின் அதன் மின்கலம் மின்தடையின்போது சிறிது நேரம் கைகொடுக்கும். ஆயின் மின்கலம் வீங்கியிருப்பின் அது தீ விளைவிக்கக்கூடுமாதலின் அகற்றப்படல் வேண்டும். வன்றட்டுத் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ எனும் குறிப்பைப் படித்து, பழுதுற்ற பகுதிகள் பெருகிவருவதைக் கண்டால் புதிய தட்டொன்றை இடுதலே அறிவுடைமை.

அடுத்து, பணிசெயல் முறைமையை நிறுவுதல். கட்டணமின்றிக் கிடைக்கும் டெபியன் லினக்ஸ் இதற்கு ஏற்றது. எனினும் 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிற்றுக் கணினிகளுக்குரிய நிறுவியைக் கைவிட்டமையால், கணினி 64 பிற்று வகையினதா என முன்னரே தெளிதல் வேண்டும். முறைமையைப் பென் ட்ரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி நிறுவலாம். பழைய தட்டில் உள்ளவை நிறுவும்போது அழியுமாதலின், வேண்டியவற்றை முன்னமே பெயர்த்தெடுத்தல் இன்றியமையாதது. சாளரங்களும் படங்களும் கொண்ட திரைமுகப்பு வேண்டியதன்று. அதனைத் தவிர்த்தால் நினைவகம் மிகும்.

பின்னர்ச் சாம்பாவை நிறுவி, வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கும், யாவர்க்கும் பொதுவான ஒரு கோப்புறையும் வகுக்கலாம். புதியோர் தடுமாறும் இடங்கள் இரண்டு. லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. இரண்டாவதனைத் தனியே பதிதல் வேண்டும். அன்றியும், சாம்பா அனுமதித்தாலும் கோப்புறையின் லினக்ஸ் உரிமை மறுக்குமாயின் எழுத இயலாது. இரு கதவுகளும் திறந்தாலன்றி அறையினுள் நுழைதல் கூடாதவாறு போல்வது இது. இறுதியாக, ரவுட்டரில் இக்கணினிக்கு மாறாத முகவரியொன்றை ஒதுக்கிவிட்டால், பிற கணினிகள் அதனை என்றும் ஒரே இடத்திற் காணும்.

வேகமும் செலவும் கருதத்தக்கன. நொடிக்கு 100 மெகாபிற்று வேகமுடைய பழைய இணைப்பில் ஏறத்தாழ 11 மெகாபைற்றே ஒரு நொடியிற் செல்லும். 100 கிகாபைற்றுப் படங்களை அனுப்ப இரண்டரை மணி நேரமாகும். 1,000 மெகாபிற்று இணைப்பில் அதே வேலை ஏறக்குறைய கால் மணியில் முடியும். 40 உவாற்றுக் கொள்ளும் மேசைக்கணினி இடைவிடாது இயங்கின் மாதத்துக்கு 29 அலகளவு மின்சாரம் செலவாகும். 15 உவாற்று மடிக்கணினிக்கு 11 அலகு போதும். ஆதலின், இரவில் நிறுத்திவைத்தலும் சிக்கனமே.

காவலும் வேண்டும். 2017 மே மாதத்திற் பல நாடுகளின் கணினிகளை முடக்கிய ‘வனாக்ரை’ என்னும் தீநிரல், எஸ்.எம்.பி. யின் முதற்பதிப்பைச் செயற்படுத்திய விண்டோஸ் மென்பொருளிலிருந்த குறையினூடாகவே பரவியது. 2019 முதல் சாம்பா அம்முதற்பதிப்பை இயல்பாகவே மூடிவைக்கின்றது. அதனைத் திறவாதிருத்தல் நன்று. வீட்டுச் சேவையகத்தை இணையத்துக்கு நேரே திறந்துவிடுதலும் ஆகாது.

இத்துணையும் செய்தபின், ‘எல்லாம் சேவையகத்தில் உள்ளன, இனி அச்சமில்லை’ என எண்ணுவோர் உளர். இவ்வெண்ணமே பேரிழப்புக்கு வாயிலாகும். யாவும் ஒரே தட்டில் தொகுக்கப்பட்டமையின், அத்தட்டுப் பழுதுற்றால் யாவும் ஒருங்கே அழியும். இரு தட்டுகளை ஒன்றன் நிழலாக மற்றொன்றை அமைக்கும் முறையும் முழுக்காவலன்று. தட்டொன்று பழுதுறுதலை அது தாங்கும், ஆயின் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அக்கணமே அழியும். இடிமின்னலோ திருட்டோ இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். ஆதலின் ஆர்சிங்க் முதலிய நிரலைக்கொண்டு வேறொரு தட்டில் நாளிட்ட படியொன்றை எடுத்து, தட்டைக் கழற்றி, இயலுமாயின் வேறொரு வீட்டில் வைத்தல் வேண்டும்.

எடுத்த படி பயன்படுமா எனச் சோதித்தலும் கடனே. 1998 இல் பிக்சார் நிறுவனத்தார் ‘டோய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்த வேளை, தவறான அழிப்பாணை ஒன்றினால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்படிகளை நாடியபோது அவையும் முறையாக அமையவில்லை என்பது தெரியவந்தது. மகவீன்று வீட்டிலிருந்தே பணியாற்றிய கலின் சுஸ்மன் என்னும் தொழினுட்ப மேற்பார்வையாளரின் கணினியில் இருந்த படியே அம்முயற்சியைக் காத்தது. வல்லுநர் பலர் கூடிய நிறுவனத்துக்கே இந்நிலை நேர்ந்ததெனின், சோதியாத படியை நம்பியிருக்கும் இல்லத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

எனவே மாதம் ஒருமுறை, படியிலிருந்து கோப்பொன்றை மீட்டுத் திறந்து பார்த்தல் வழக்கமாதல் வேண்டும். பழைய கணினி பகிர்தலை எளிதாக்கும். பேணுதலோ மனிதர் கையிலேயே உள்ளது. ஓலையைப் படியெடுத்தோர் அறிந்திருந்த உண்மையும் இதுவே.