விபத்துக் களத்தில் முதல் நோக்கு

2005ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை பின்னர்ப் பல மாநிலங்களுக்கும் பரவியது. அவ்வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர் இறங்கியவுடன் காயமுற்றோரிடம் ஓடிவிடலாகாது. சூழ்ந்து நிற்போர்க்கு இது கல்நெஞ்சமாகவே தோன்றும். ஆயினும், அவரே வீழ்ந்துவிட்டால் காக்கப்பட வேண்டியோர் தொகை கூடும். காப்போர் தொகை குறையும்.

நெடுஞ்சாலையில் டாங்கர் லாரி ஒன்று கவிழ்ந்துள்ளதாகக் கொள்வோம். அதன் மீதுள்ள அபாய அறிவிப்புப் பலகையைத் தொலைவிலிருந்தே படித்தறிதல் வேண்டும். அதில் 1005 என்னும் எண் அம்மோனியாவையும், 1017 குளோரினையும், 1075 சமையல் எரிவாயுவையும் குறிக்கும். குளோரினும் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்குவன. எனவே, காற்று வரும் பக்கத்தில், மேட்டு நிலத்தில், போதிய தொலைவில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியையும் மின்சாரம் பாய்வதாகவே கொள்ளுதல் நன்று.

காயமுற்றோர் பலராயின், முதலாமவருக்குக் கட்டுப்போடுவதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி செல்ல வேண்டும்: எத்தனை பேர், இன்னும் எத்தனை வண்டிகள், தீயணைப்புப் படை தேவையா என்பன. இதற்குச் செலவாகும் அரை நிமிடம் வீணன்று. பின்னர், களம் பாதுகாப்பானது எனத் தெளிந்தபின், யாரிடம் முதலில் செல்வது? அலறுபவருக்கு மூச்சு ஓடுகிறது என்பது தெளிவு. ஓசையின்றிக் கிடப்பவரையே முதலில் நாடுதல் வேண்டும்.