ஒரே ஆபீஸ், ரெண்டு போன், ரெண்டு ரூட்: மேப் காட்டுற நேரத்தை நம்பி வாடகை வீடு பிடிக்கலாமா?



கிழக்கு தாம்பரத்துல ஒரு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். அங்கேயே நின்னு சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கு மேப் போட்டேன்: 35 நிமிஷம். அன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டேன். திங்கட்கிழமை காலைல 8.30-க்குக் கிளம்பினா ஒன்றேகால் மணி நேரம்! மாடி வீட்டு நண்பருக்கும் அதே ஏரியாவுலதான் ஆபீஸ். அவர் போன் வேற ரூட், வேற நேரம் காட்டுச்சு. "உங்க மேப் பொய் சொல்லுதுங்க"ன்னார்.

ரெண்டுமே பொய் சொல்லலை. ஏன்னு புரிஞ்சா மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் மிச்சம் பண்ணலாம்.

சாட்டிலைட்டுக்கு ரோடு தெரியாது

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கி.மீ. உயரத்துல சுத்துது. அது அனுப்புற சிக்னலை வெச்சு நாம எங்க இருக்கோம்னு போன் கணக்குப் போடும். சாட்டிலைட் வேலை அவ்வளவுதான். இரும்புலியூர்ல வண்டி நகரலைங்கறது அதுக்குத் தெரியாது. ரூட்டையும் நேரத்தையும் முடிவு பண்றது மேப் கம்பெனியோட கணக்கு. அந்தக் கணக்கு மாற நாலு காரணம் இருக்கு.

1. மேப் எவ்வளவு புதுசு? மேடவாக்கத்துல தாம்பரத்துலேர்ந்து வேளச்சேரி போற பக்கத்து மேம்பாலத்தை 2022 மே மாசம் திறந்தாங்க. நாவலூர் டோல் வசூல் 2023 அக்டோபர்ல நின்னுச்சு. அதுக்கு முன்னாடி வாங்கி, அப்டேட்டே பண்ணாத கார் நேவிகேஷன்ல பாலம் இருக்காது, டோல் இருக்கும்.

2. டிராஃபிக் தகவல் எங்கேர்ந்து வருது? ரோட்ல போற மத்தவங்க போன்லேர்ந்துதான். போன்கள் மெதுவா நகர்ந்தா அங்க டிராஃபிக்னு அர்த்தம். பெர்லின்ல சைமன் வெக்கெர்ட்ங்கற கலைஞர் 99 போனை ஒரு கைவண்டியில வெச்சு இழுத்துட்டுப் போனார். காலியா கிடந்த தெருவை கூகுள் மேப் சிவப்பாக் காட்டுச்சு! ஒவ்வொரு ஆப்புக்கும் வர்ற போன் எண்ணிக்கை வேற. ஜி.எஸ்.டி. ரோட்ல தகவல் கொட்டும். ராஜகீழ்ப்பாக்கம் உள்தெருவுல நாலு போன்தான் இருக்கும், அங்க பாதி ஊகம்தான்.

3. நேரம் ஒரு கணிப்பு. இப்போ இருக்கற டிராஃபிக்கோட, இதே கிழமையில இதே நேரத்துல வழக்கமா எப்படி இருக்கும்ங்கற பழைய கணக்கையும் சேர்த்துத்தான் சொல்றாங்க. கேம்ப் ரோட்டை நீங்க தொடும்போது ஸ்கூல் வேன் எல்லாம் வந்திருக்குமாங்கறது வரைக்கும் அது ஊகிக்கணும். ரெண்டு ரூட்டுக்கும் ஒரு நிமிஷம்தான் வித்தியாசம்னா, ரெண்டு நிமிஷம் கழிச்சு மேப் போட்டவருக்கு ரூட்டே மாறிடும்.

4. உங்க செட்டிங். கூகுள் மேப் 2017 டிசம்பர்ல இந்தியாவுக்கு டூ-வீலர் மோடு கொடுத்தது. அதுல கார் போக முடியாத சந்தெல்லாம் வரும். நண்பர் பைக், நான் கார். 'டோல் வேண்டாம்'னு எப்பவோ ஆன் பண்ணி மறந்திருந்தா, பெருங்களத்தூர் – புழல் பைபாஸும், வண்டலூர் – மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடும் லிஸ்ட்லேர்ந்தே காணாம போகலாம். எரிபொருள் மிச்சமாகற ரூட்டைக் காட்டற ஆப்ஷன் ஆன்ல இருந்தா முடிவு இன்னும் மாறும்.

இப்போ காசுக் கணக்கு

தாம்பரம் – சோழிங்கநல்லூருக்கு ரெண்டு வழி எடுத்துக்கலாம். முதல் வழி சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம்: சுமார் 16 கி.மீ. ரெண்டாவது, ஜி.எஸ்.டி. ரோடு பிடிச்சு பல்லாவரம், ரேடியல் ரோடு, துரைப்பாக்கம், அங்கேர்ந்து ஓ.எம்.ஆர்.: சுமார் 24 கி.மீ. மேடவாக்கம் நெரிசலா இருந்தா மேப் ரெண்டாவதைத் தூக்கிக் கொடுக்கும். உதாரணத்துக்கு, 15 நிமிஷம் மிச்சம்னு வெச்சுக்கலாம்.

கூடுதல் 8 கி.மீ. போக வர 16. மாசம் 22 நாள்னா 352 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வெச்சா:

- பைக் (லிட்டருக்கு 45 கி.மீ.): சுமார் ரூ.780
- கார் (லிட்டருக்கு 14 கி.மீ.): சுமார் ரூ.2,500

மிச்சமாகற நேரம் மாசம் 11 மணி. அப்போ அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் பைக்காரர் 71 ரூபாய்க்கு வாங்கறார். கார்க்காரர் 227 ரூபாய்க்கு வாங்கறார்.

கைக்கு வர்ற சம்பளம் 40,000, மாசம் 22 நாள், தினம் 9 மணி நேரம்னா உங்க ஒரு மணி நேரத்தோட விலை சுமார் 200 ரூபாய். பைக்ல போனா நீளமான ரூட் லாபம். கார்ல போனா நஷ்டம். ஒரே ரூட்தான், பதில் ஆளுக்கு ஆள் மாறுது. மேப் 'பெஸ்ட்'னு சொல்றது பெரும்பாலும் நிமிஷத்தை வெச்சுதான். உங்க சம்பளமோ, வண்டியோட மைலேஜோ அதுக்குத் தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

- மேப்ல 'இத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுல திங்கட்கிழமை, ஆபீஸ் நேரத்தைப் போடுங்க. '45 நிமிஷம் முதல் 1 மணி 15 நிமிஷம் வரை'ன்னு வந்தா, பெரிய நம்பரைத்தான் கணக்குல எடுத்துக்கணும்.
- சாயங்காலம் திரும்பி வர்றதுக்கும் தனியாப் போட்டுப் பாருங்க.
- வேலைநாள்ல ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க. ஒரு நாள் பெட்ரோல் செலவு, 11 மாச அக்ரிமென்ட்டைவிட ரொம்பச் சின்னது.
- ஆபீஸ் கிண்டி, எழும்பூர் பக்கம்னா ரூட்டே தேட வேண்டாம். தாம்பரம் – பீச் எலக்ட்ரிக் ட்ரெயினுக்கு மேடவாக்கம் சிக்னல் கிடையாது. சீசன் டிக்கெட் செலவோட உங்க பெட்ரோல் செலவை ஒப்பிட்டுப் பாருங்க.
- 'ஓ.எம்.ஆருக்கு 20 நிமிஷம்'னு விளம்பரம் பார்த்து ஃபிளாட் வாங்கப் போறீங்களா? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுத்த 20 நிமிஷம்னு கேளுங்க.

வாடகை 2,000 குறைவுன்னு அந்த வீட்டுக்குப் போனேன். கார் பெட்ரோல்லயும் ரோட்லயும் அதைவிட அதிகமா விட்டேன். அக்ரிமென்ட் முடிஞ்ச கையோட வீடு மாத்தினேன், அதுக்கு லாரி வாடகை வேற! நீங்க இந்தக் கணக்கை முன்னாடியே போட்டுடுங்க. உங்க வண்டி மைலேஜ், உங்க சம்பளம் வெச்சு எப்படிப் போடறதுன்னு வீடியோவுல படிப்படியாக் காட்டியிருக்கேன். பார்த்துட்டு, வீடு தேடற நண்பருக்கும் அனுப்புங்க.