எழுபது வளைவுக்கு மேலே புகை

என் அம்மாயிக்குக் கை முழுசாக மூடாது. ஊறுகாய் ஜாடியோ தைலப் பாட்டிலோ, எதுவானாலும் "இதத் தெறந்து குடு சாமி" என்று என்னிடம் நீட்டுவார். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கணுக்கள் புடைத்து, இரண்டு கையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். வாதம் என்றார்கள். உழைத்த கை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர் அவர். தன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதம் என்ற பெயரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அடுப்புப் புகைதான் அதைக் கொண்டுவந்தது என்று இன்று நான் சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவும் மனம் வரவில்லை.

கேட்க வைத்தது ஓர் இத்தாலிய ஆய்வு. வெரோனா பல்கலைக்கழகத்தின் ஜியோவன்னி அடாமியும் அவருடைய குழுவினரும் 2022-ல் வெளியிட்டது. எலும்பு முறிவு அபாயத்தைக் கணிப்பதற்காக மருத்துவர்கள் பதிந்து வைத்திருந்த 81,363 பேரின் விவரங்களை எடுத்து, அவரவர் ஊரின் காற்றுத் தூசிக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுமார் 12 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தன்னுடல் தாக்கு நோய் கண்டறியப்பட்டிருந்தது. ஆட்டோ இம்யூன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். காற்றில் பிஎம் 2.5 என்னும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் நெடுநாள் இருந்த இடங்களில், இந்த நோய்களுக்கான வாய்ப்பு 13 சதவீதம் கூடியிருந்தது. இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று நிரூபிக்க இந்த வகை ஆய்வால் ஆகாது.

நுரையீரலுக்குள் போன தூசிக்கும் விரல் கணுவுக்கும் என்ன தொடர்பு? தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள், மூக்கு முடியையும் சளியையும் தாண்டிக் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காவலிருக்கும் அணுக்கள் அதை விழுங்கப் பார்த்து, முடியாமல் வீக்கத்தைக் கிளப்பும். அந்தக் களேபரத்தில் சில நொதிகள் நம் சொந்தப் புரதங்களின் உருவத்தையே கொஞ்சம் மாற்றிவிடுகின்றன. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் சிட்ருலின் வந்து உட்காரும். வீட்டுப்பிள்ளை வேறு சட்டை போட்டு வந்ததும் நாய் குரைப்பதைப் போல, எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை அந்நியன் என்று முடிவுகட்டி எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்குகிறது. மூட்டு வலிப்பதற்குப் பல வருஷம் முன்பே இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் வந்துவிடுகிறது. ரத்ததானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளைச் சோதித்து 2004-ல் நெதர்லாந்தில் இதைக் காட்டினார்கள்.

2006-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லார்ஸ் கிளாரெஸ்காக் குழு சிகரெட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. புகைபிடிப்பவருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு அப்பா, அம்மா இருவர் வழியிலும் வந்திருந்தால், இந்த எதிர்ப்பொருளோடு கூடிய முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. சிகரெட்டுக்கு இருக்கும் அளவுக்கு உறுதியான சான்று விறகுப் புகைக்கு இன்னும் சேரவில்லை. ஆனால் எரிவது இலை, எரிவது கட்டை என்ற வித்தியாசம் நுரையீரலுக்குப் பெரிதாகத் தெரிய நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சோளக்காட்டில் டீ குடிக்க இறங்கினால், லாரிப் புகையும் கோழிப்பண்ணை வாடையும் கீழே நின்றுவிட்டிருக்கும். ஆகாய கங்கையில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் இந்தக் காற்றைப் பற்றித்தான் ஊரில் போய்ப் பேசுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது வீட்டுக்கு வெளியே இருக்கும் காற்று. விடிகாலையில் மலையின் உட்புற ஊர்களுக்குள் நடந்து பாருங்கள். ஓட்டின் இடுக்குகளில் நீலப்புகை கசிந்துகொண்டிருக்கும். உள்ளே ஒருத்தி ஊதாங்குழலோடு குனிந்திருப்பாள். விறகு எரியும் நேரத்தில் அந்த அறையின் நுண்துகள் பல நூறு மைக்ரோகிராமைத் தொடுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு 5. நம் நாட்டின் வரம்பு 40. எந்த வரம்பை வைத்துக்கொண்டாலும், அளக்கிற கருவி நகரத்துக் கம்பத்தில்தான் நிற்கிறது. அடுப்படியில் ஆய்வாளர்களைத் தவிர யாரும் கருவி வைப்பதில்லை.

அந்தப் புகையை வெறும் அறியாமை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மார்கழி, தையில் மலை எப்படி நடுங்கும் என்று அங்கே தங்கியவருக்குத் தெரியும். அடுப்புதான் வீட்டின் கணப்பு. அடுப்புக்கு மேலே பரணில் அடுத்த மழைக்கான விதை இருக்கும். புகை படிந்தால் பூச்சி அண்டாது. ஈர விறகு அங்கேதான் காயும். மழைக்காலத்தில் ஈரத்துணியும் அங்கேதான். சாமை, தினை, பனிவரகு என்று கொல்லிமலையின் சிறுதானியங்களை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து காப்பாற்றி வருவதை நாம் பாராட்டுகிறோம். அந்த விதைகள் தலைமுறை தாண்டி வந்ததில் இந்தப் புகைக்கும் பங்குண்டு. விதையைக் காத்த புகையை, விதையைக் காத்த பெண்தான் உள்ளே இழுத்தாள். முடக்குவாதம் ஆணைவிடப் பெண்ணுக்கு மூன்று மடங்கு வருகிறது. லூபஸ் என்னும் இன்னொரு தன்னுடல் தாக்கு நோய் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோனும் மரபணுவும் அதற்குக் காரணங்கள்தான். ஆனாலும், ஏற்கெனவே பெண்ணுடம்பையே குறிவைக்கும் ஒரு நோய்க்கூட்டத்தின் முன்னால், புகை முழுவதையும் அதே உடம்பின் மேல் இறக்கி வைத்திருக்கிறோம்.

காஸ் வந்துவிட்டதே என்பார்கள். வந்தது உண்மை. 2006-ல் வந்த தமிழக அரசு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கு மேல் இன்று சுத்தமான எரிபொருளே முதன்மை. அடுப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நம் மண்ணிலேயே அளந்திருக்கிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவோடு சேர்ந்து நடந்த ஆய்வு அது. இந்தியாவில் அதற்கான களங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். நான்கு நாடுகளிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகள். காஸும் அடுப்பும் கொடுக்கப்பட்ட பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு சுமார் 24 மைக்ரோகிராம். விறகிலேயே தொடர்ந்தவர்களுக்குச் சுமார் 71. பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. அது ஆய்வாளர்களுக்கே ஏமாற்றம். எனக்கு மனதில் நிற்பது அந்த 24. காஸுக்கு முழுதாக மாறிய பிறகும், இத்தாலியர்கள் பார்த்த 20-க்குக் கீழே அந்த இடைநிலை அளவு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் புகை, குப்பை எரிக்கும் புகை, சாலைத் தூசி எல்லாம் மிச்சமிருக்கின்றன. அங்கே சிலிண்டர் வாசலுக்கு வந்தது, காசும் கேட்கவில்லை. கொல்லிமலையில் அது 70 வளைவு ஏறி வர வேண்டும். விறகோ வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது. அதனால் டீ போட காஸ், சோறாக்க விறகு என்று இரண்டும் ஓடுகிறது.

கொல்லிமலை இருக்கும் இதே நாமக்கல் மாவட்டத்தில் சான்று இன்னும் கெட்டியான ஒரு தூசி உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பாறையைத் துளைக்கும்போது வெள்ளையாக எழும்புவது சிலிக்கா கலந்த தூசி. 1914-லேயே எடின்பரோவின் பைரம் பிராம்வெல், கல் கொத்துகிறவர்களுக்குத் தோல் இறுகிப்போகும் நோய் வருவதைக் கவனித்து எழுதினார். 1953-ல் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்தவர் ஆண்டனி கேப்ளன். சிலிக்கா தூசி முடக்குவாதத்தையும் லூபஸையும் தோல் இறுக்க நோயையும் தூண்டுகிறது என்பதில் இன்று மருத்துவர்களுக்குள் பெரிய சச்சரவு இல்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே துளைத்தால் தூசி பெருமளவு அடங்கும். ஆனால் தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்கும் பையன்களைத்தான் பல ஊர்களில் நான் பார்த்திருக்கிறேன். துண்டின் இழைக்குள் அந்தத் துகள் சுலபமாக நுழைந்துவிடும்.

வந்துவிட்டால் என்ன செய்வது என்பது எனக்கு இதைவிட அவசரமாகத் தெரிகிறது. இந்தியப் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு முடக்குவாதம் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. தொடங்கிய சில மாதங்களுக்குள் மருந்தைப் பிடித்தால் பெரும்பாலும் விரல் கோணாது. முதல் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் விலை மலிவானது. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மருந்துச் சீட்டில் எந்தக் கிழமை என்று தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் அதைச் சாப்பிடக் கூடாது. சாப்பிடுகிறவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். மலைமேல் செம்மேட்டிலேயே ரத்தம் எடுத்துக் கீழே அனுப்ப ஏற்பாடு இருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் பிடித்து 70 வளைவும் இறங்கும் வேலை அவர்களுக்கு மிச்சமாகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் பையில் புதிதாக ஒரு கருவியும் வைக்க வேண்டாம். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "காலைல எந்திரிச்சதும் வெரல் மடங்க எவ்வளவு நேரமாவுதுங்க?" ஒரு மணி நேரம் என்று பதில் வந்தால், அதுவும் இரண்டு கையிலும், ஆறு வாரமாக என்றால், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் அம்மாயி காலையில் வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகுதான் அடுப்புப் பற்ற வைப்பார்.