ஏட்டில் படித்த பாட்டும் இருட்டில் ஆடிய பாட்டும்

பாட்டின் சொற்களை இசையிலிருந்து பிரித்தெடுத்துத் தாளில் எழுதி வைத்தால் அவை கவிதையாக நிற்குமா? 2016-ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பாப் டிலனுக்கு வழங்கப்பட்டபோது உலகெங்கும் எழுந்த வினா இது. நம் ஆங்கில இலக்கிய வகுப்பிலும் ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. மணி அடிப்பதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று என்பதால் மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டவுடன் இதையே எடுத்துக்கொண்டேன்.

ஒரு பாட்டு எந்த இடத்தில், எந்த நிலையில் இருப்பவர் கேட்பதற்காகப் பிறந்தது என்று பாராமல் அதன் சொல்லை மட்டும் எடைபோடுவது முறையாகாது என்பது என் கருத்து. இதற்கு 1965 முதல் 1983 வரையிலான ராக் இசையைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் பாட்டின் சொல், தனி அறையின் நாற்காலியிலிருந்து எழுந்து, இரவு கிளப்பின் ஆடுதளத்திற்குக் குடிபெயர்ந்தது.

முதலில் நாற்காலியைப் பார்ப்போம். நிமிடத்திற்கு 45 சுற்றுச் சுழலும் சிறிய இசைத்தட்டில் ஒரு பக்கத்திற்கு ஒரு பாட்டு. அமெரிக்க வானொலியில் மூன்று நிமிடத்திற்கு மேற்பட்ட பாட்டுக்கு இடம் கிடைப்பது அரிது. 1965-இல் டிலன் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ என்னும் ஆறு நிமிடப் பாட்டை வெளியிட்டு அந்த வேலியைத் தாண்டினார். அடுத்து நீண்ட இசைத்தட்டின் காலம் வந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்குக் குறையாமல் இசை கொள்ளும். கவிஞனுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1967-இல் பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ தட்டின் பின்னட்டையில் பாடல்களின் சொற்களை முழுமையாக அச்சிட்டனர். 1971-இல் லெட் செப்பலின் குழுவினரின் நான்காம் தட்டில், ராபர்ட் பிளாண்ட் எழுதிய எட்டு நிமிடப் பாட்டான ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ மட்டும் உள்ளுறையில் அச்சேறியது. அட்டை என்பது தட்டைப் பொதிந்து கொடுக்கும் உறையாக இருந்த நிலை மாறி, படிக்கும் ஏடாயிற்று. கேட்பவர் அமர்ந்திருக்கிறார், மடியில் அட்டை, கண் வரியின் மேல். சொல்லுக்கு இதைவிடச் சிறந்த வரவேற்பு வேறு எங்கே கிடைக்கும்?

நாங்கள் அந்த அட்டைகளைக் கண்டதில்லை. 1985-இல் நான் பட்ட வகுப்பு மாணவனாக விடுதியில் இருந்தபோது, என் அறைத் தோழரின் அண்ணன் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒலிநாடாக்கள் கொண்டு வருவார். எல்லாம் நகலெடுத்த நாடாக்கள். பெயர்கூடப் பேனாவால் எழுதியிருக்கும். எனவே நாங்களே ஏடு தயாரித்தோம். டேப் ரிகார்டரை இரண்டு வரிக்கு ஒரு முறை நிறுத்திக் காதில் விழுந்ததை ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதுவோம், புரியாத சொல்லுக்குப் புள்ளிகள் இட்டு இடம் விடுவோம். டிலன் பாட்டு ஒன்று நான்கு பக்கம் வரும். ஆங்கிலம் கற்றது வகுப்பிலா, அந்தக் குறிப்பேட்டிலா என்று கேட்டால் இரண்டையும் சொல்வேன். ஒருமுறை வந்த நாடாவில் டாக்கிங் ஹெட்ஸ், நியூ ஆர்டர் என்று இரண்டு குழுக்களின் பாட்டுகள் இருந்தன. எழுத உட்கார்ந்தோம். அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. “இதில் எழுதுவதற்கு என்னப்பா இருக்கிறது?” என்று தோழர் பேனாவை மூடிவிட்டார். அவர் இன்றும் அந்தக் கட்சிதான். நான் அன்றே மறு கட்சி. அந்த அரைப் பக்கம் ஏன் அரைப் பக்கமாக இருந்தது என்பதுதான் இனி நான் சொல்லப் போவது.

1970-களின் நடுவில் நியூயார்க் மாநகரம் திவாலாகும் நிலையில் இருந்தது. தெற்குப் பகுதியில் வீடற்றோரும் குடிகாரரும் நிறைந்த பௌரி என்னும் தெருவில், 315-ஆம் எண் கட்டடத்தில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் ஒரு மதுக்கூடத்திற்குப் புதுப் பெயர் சூட்டினார். அமெரிக்க நாட்டுப்புற இசை வகைகளான கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகியவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘சி.பி.ஜி.பி.’ என்று வைத்தார். அந்த வகை இசை அங்கே பெரிதாக ஒலிக்கவில்லை என்பது வேறு கதை. அவர் வைத்த விதி ஒன்று முக்கியமானது. மேடை ஏறுவோர் தாமே இயற்றிய பாட்டைத்தான் பாட வேண்டும். பிறர் பாட்டுக்குக் கட்ட வேண்டிய உரிமைத் தொகை மிச்சம் என்ற கணக்கும் அதில் உண்டு என்பர். கணக்கு எதுவாயினும், இலக்கியத்திற்கு இலாபமாக முடிந்தது.

அங்கே வந்தவர்கள் யார்? பேட்டி ஸ்மித், பாடகியாவதற்கு முன்பே கவிஞர். 1971-இல் ஒரு தேவாலயக் கவியரங்கில் கித்தார் துணையோடு கவிதை வாசித்தவர். ‘டெலிவிஷன்’ குழுவின் டாம் மில்லர், பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் மீது கொண்ட பற்றால் டாம் வெர்லேன் என்று பெயரை மாற்றிக்கொண்டவர். இவர்களுக்கு நேர் எதிரே ரமோன்ஸ். 1976-இல் வந்த அவர்களின் முதல் தட்டில் பதினான்கு பாட்டுகள், மொத்தம் முப்பது நிமிடத்திற்குள் முடிந்துவிடும். எட்டு நிமிடப் பாட்டுக்கு இரண்டு நிமிடப் பாட்டால் விடை சொன்னார்கள். இந்தக் கூட்டத்தில் முரட்டுத்தனம் குறைந்து சோதனை மிகுந்தவர்களுக்குப் பத்திரிகைகளும் இசைத்தட்டு நிறுவனங்களும் ‘நியூ வேவ்’ என்று பெயரிட்டன. 1950-களின் இறுதியில் பிரெஞ்சுத் திரைப்படத்தில் எழுந்த ‘புதிய அலை’யிலிருந்து எடுத்த பெயர்.

ஓவியக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அமைத்த டாக்கிங் ஹெட்ஸ், 1975 ஜூனில் ரமோன்ஸ் குழுவுக்கு முன்னோட்டமாக அந்த மேடையில் ஏறியது. அதன் பாடகர் டேவிட் பேர்ன் 2012-இல் இசை இயங்கும் விதம் பற்றி ஒரு நூல் எழுதினார். இடத்திற்கேற்பத்தான் இசை உருவாகிறது என்று வாதிடும் அந்நூலில் சி.பி.ஜி.பி.யையும் குறிப்பிடுகிறார். நெருக்கமான கூட்டம், கோணல் சுவர்கள், மேசை நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து எதிரொலியை விழுங்கிவிட்டதால் பாட்டின் நுட்பம் அங்கே தெளிவாகக் கேட்டதாம். தேவாலயத்தில் பாடும் பாட்டு நீண்டு இழைவதும் இச்சிறு கூடத்தில் பாடுவது வெடுக்கென்று வெட்டி நிற்பதும் கலைஞனின் மனப்போக்கால் மட்டும் ஆவதல்ல, சுவரும் பாதிப் பாட்டை இயற்றுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த வாதம்.

ஆயினும் சி.பி.ஜி.பி. நின்று கேட்கும் இடமே. ஆடும் இடம் 1978-இல் ஒயிட் தெருவில் தோன்றிய மட் கிளப். லிங்கனைக் கொன்றவனின் முறிந்த காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் மட் என்பவரின் பெயர் அதற்கு! மேல்மாடியில் ஓவியக் காட்சி, கீழே நடனம், அதிகாலை வரை. ராக் இரசிகர்களுக்கு நடனம் அப்போது கெட்ட வார்த்தை என்பதை மறந்துவிடக் கூடாது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ நகரின் பேஸ்பால் மைதானத்தில் ஒரு வானொலி அறிவிப்பாளர் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்திற்குள் பாய்ந்தது, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. டிஸ்கோவை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும் ஓரினச் சேர்க்கையாளரும் ஆவர். எனவே அன்று வெடித்தது இசை வெறுப்பு மட்டுமன்று என்று பின்னாளில் பலர் எழுதியுள்ளனர், அது சரியென்றே நான் நினைக்கிறேன். அதே ஆண்டு சி.பி.ஜி.பி.யில் வளர்ந்த பிளாண்டி குழு, தாள இயந்திரத்தைத் துணைக்கொண்டு டிஸ்கோ நடையில் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பழைய தோழர்கள் “விலை போய்விட்டாள்” என்று டெபி ஹாரியை ஏசினர். சொல் பெரிதா, ஆட்டம் பெரிதா என்ற சண்டை இப்படியெல்லாம் நடந்தது.

அவ்வாண்டு வெளிவந்த டாக்கிங் ஹெட்ஸின் ‘ஃபியர் ஆஃப் மியூசிக்’ தட்டில் இச்சண்டைக்கு ஒரு விசித்திரமான தீர்ப்பு இருக்கிறது. ‘லைஃப் டியூரிங் வார்டைம்’ என்னும் பாட்டில், தலைமறைவாகத் திரியும் ஒருவன் ஆடிப்பாட நேரமில்லை என்கிறான். மட் கிளப்பையும் சி.பி.ஜி.பி.யையும் பெயர் சொல்லியே விலக்குகிறான். அதைச் சொல்வதோ காலை நிற்க விடாத தாளத்தின் மேல்! சொல் ஒன்று சொல்ல, உடல் மற்றொன்று செய்கிறது. தாளில் எழுதிப் படித்தால் இந்த முரண் தெரியாது, ஆடுபவனுக்குத்தான் தெரியும்.

அதே தட்டின் முதல் பாட்டு ‘ஐ ஜிம்ப்ரா’. அதில் பொருளுள்ள சொல்லே இல்லை. 1916-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சூரிச் நகரில் ‘கபரே வால்டேர்’ என்ற இரவு அரங்கை நடத்திய ஹ்யூகோ பால் என்னும் ஜெர்மானியக் கவிஞர், காகித அட்டையாலான உடையை மாட்டிக்கொண்டு வெறும் ஒலிகளாலான கவிதைகளை ஓதினார். இலட்சக்கணக்கானவர்களைக் கொல்லப் பயன்பட்ட மொழி அவருக்குக் கறைபட்டதாகத் தோன்றிற்று. அந்த ஒலிகளைத்தான் 63 ஆண்டுகளுக்குப் பின் டாக்கிங் ஹெட்ஸ் ஆப்பிரிக்க நடைத் தாளத்தில் பாடினார்கள். ஒரு நகரத்தின் இரவு அரங்கில் பிறந்த கவிதை, மற்றொரு நகரத்தின் இரவு கிளப்பில் மறுபிறவி எடுத்தது. நாற்று நடும்போது எழும் ‘தன்னானே’யைப் பொருளற்றது என்று நாம் தள்ளுவதில்லையே! எங்கள் குறிப்பேட்டில் இந்தப் பாட்டுக்கு வெறும் புள்ளிகளே இருந்தன.

மறு ஆண்டு வந்த ‘ரிமெய்ன் இன் லைட்’ தட்டில் வேலை செய்யும் முறையே தலைகீழாயிற்று. முதலில் தாளக்கட்டுகள், அதன் மேல் பொருளற்ற அசைகளில் மெட்டு, இறுதியில்தான் அந்த அசைகளுக்குப் பொருந்தும் சொற்கள். பேர்ன் வானொலிச் சமயப் பிரசங்கிகளின் பேச்சு நடையை அதற்குள் இழைத்தார்.

இனி இங்கிலாந்தின் மான்செஸ்டர். பஞ்சாலைகள் மூடிப்போன நகரம். 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்நகரின் ‘ஜாய் டிவிஷன்’ குழுவில் சொல் எழுதியவர் இயன் கர்ட்டிஸ். இருண்ட நூல்களை விரும்பிப் படித்தவர், காக்காய் வலிப்பு நோயால் துன்புற்றவர். 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணம் புறப்பட வேண்டிய தறுவாயில், இருபத்து மூன்று வயதில் தற்கொலை செய்துகொண்டார். எஞ்சிய மூவர் முன் நின்ற கேள்வி கொடியது. சொல் தந்தவர் போய்விட்டார், இனி யார் எழுதுவது, யார் பாடுவது? கித்தார் வாசித்த பெர்னார்ட் சம்னர் தயக்கத்தோடு பாடகரானார். கில்லியன் கில்பர்ட் என்ற பெண்மணி சேர்ந்தார். பெயர் ‘நியூ ஆர்டர்’ என்றாயிற்று. நியூயார்க் சென்று அங்குள்ள நடனக் கிளப்புகளைப் பார்த்தவர்கள், தம் இசைத்தட்டு நிறுவனமான ‘ஃபாக்டரி’யோடு சேர்ந்து, 1982 மே 21 அன்று மான்செஸ்டரில் ‘ஹசியெண்டா’ கிளப்பைத் திறந்தனர். முன்பு படகு விற்பனைக் கூடமாக இருந்த பெருங்கட்டடம். எதிரொலியில் சொல் கரைந்துபோகும், தாளம் மட்டும் நெஞ்சில் இடிக்கும்.

1983 மார்ச்சில் வந்த ‘புளூ மண்டே’ ஏழரை நிமிடம் ஓடும். இரண்டு நிமிடத்திற்குப் பின்புதான் குரலே நுழைகிறது. நுழையும் குரலும் ஏறாது, இறங்காது, அழாது. ஒருவர் தன்னை நடத்திய விதத்தைப் பற்றிச் சில குளிர்ந்த வரிகள், அவ்வளவே. தோழர் பேனாவை மூடியது இங்கேதான். எனக்கோ, பேச வேண்டியவர் இல்லாமற்போன வீட்டில் மற்றவர்கள் பேசும் அளவு அது என்று தோன்றிற்று. துக்க வீட்டில் யாரும் நான்கு பக்கம் பேசுவதில்லை.

பீட்டர் சாவில் அதற்கு அமைத்த உறை, கணிப்பொறியின் நெகிழ்தட்டைப் போன்றது, நடுவில் துளைகள் வெட்டியது. முன்னும் பின்னும் பாட்டின் பெயர் இல்லை, குழுவின் பெயர் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள், அவையே மறைமொழியில் எழுத்துகள். 1967-இல் முழுப் பாட்டையும் அச்சிட்ட அட்டை, 1983-இல் பெயரைக்கூடச் சொல்லாத உறையாயிற்று. பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற பன்னிரண்டு அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டு அதுவே.

சி.பி.ஜி.பி. 2006 அக்டோபரில் பேட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு மூடப்பட்டது. நஷ்டத்திலேயே ஓடிய ஹசியெண்டா 1997-இல் மூடி, பின்னர் இடிக்கப்பட்டு, அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பாக நிற்கிறது. பாட்டுகள் இருக்கின்றன. கேட்க விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிலனை அறையில் தனியே, சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ‘புளூ மண்டே’யை மட்டும் கைபேசியில் கேட்க வேண்டாம். கீழ்ச்சுருதி முழுவதும் அதில் செத்துவிடும். கல்லூரி விழாவுக்கு வாடகைக்கு வரும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் திரும்பிப் போவதற்கு முன்பு, ஒலி அமைப்பாளரிடம் ஏழரை நிமிடம் கேட்டு வாங்குங்கள்.