தலை குளிர்ந்தால் ஒன்று, கால் குளிர்ந்தால் வேறு

நம் வீடுகளில் வெந்நீர்க் கருவி என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் சிறு பெட்டிதான். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் அறைகளையே சூடாக்க ஒரு கொதிகலன் இருக்கும். பெயர்தான் கொதிகலன், அதில் நீர் கொதிப்பதில்லை. எரிவாயு எரிந்து நீரை 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். பம்பு அந்த நீரை ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குத் தள்ளும். சூட்டைக் கொடுத்துவிட்டு நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். அதே நீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது.

சனவரி மாதம், ஓர் அறை மட்டும் சூடாகவில்லை. என்ன கோளாறு? முதல் கருவி உங்கள் கைதான். ரேடியேட்டரை மேலும் கீழும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்.

கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்றால் உள்ளே வாயு சிக்கியிருக்கிறது. வாயு மேலே தங்கிவிடுவதால் நீர் அந்த இடத்துக்கு ஏற முடியவில்லை. கொதிகலனை அணைத்து, ஆறவிட்டு, மேல்மூலையில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால் சுற்று திறந்தால் ‘உஸ்’ என்று வாயு வெளியேறும். நீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும்.

மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் அடியில் கரிய சேறு படிந்திருக்கிறது. அது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. ரேடியேட்டரின் எஃகு மெல்ல அரிக்கப்படும்போது இது உண்டாகிறது. அதே வினையில் ஹைட்ரஜனும் பிறக்கிறது! அதாவது, அடியில் படியும் சேறும் மேலே சிக்கும் வாயுவும் சில வேளைகளில் உடன்பிறப்புகள். திருகைத் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது என்பது இதனால்தான். மேக்னடைட்டைக் காந்தம் ஈர்க்கும். எனவே கொதிகலனுக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்துவார்கள். படிந்துபோன சேற்றை நீர் பாய்ச்சித்தான் கழுவ வேண்டும்.

அடுத்து அழுத்தமானி. நீர் ஆறியிருக்கையில் முள் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். வாயுவை வெளியேற்றினால் முள் இறங்கும். நிரப்புக் குழாயைத் திறந்து நீர் சேர்த்தால் போதும். வாரந்தோறும் சேர்க்க வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. புதுநீருடன் ஆக்சிஜனும் வருவதால் துரு இன்னும் கூடும்.

எல்லாக் குழாயும் உலர்ந்தே இருக்க, அழுத்தம் மட்டும் குறைந்துகொண்டே போகிறதா? இது சுவையான புதிர். 100 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடுதல் இடம் தேவைப்படும். அதற்காகவே ஒரு கலம் உண்டு. ரப்பர் சவ்வின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வாயு. அந்த வாயு போய்விட்டால் விரியும் நீருக்கு இடமில்லை. முள் 3 பாரைத் தொடும். பாதுகாப்பு வால்வு நீரை வீட்டுக்கு வெளியே துப்பும். ஆறியதும் முள் சரியும். கசிவை வீட்டுக்குள் தேடினால் கிடைக்காது!

இவ்வளவும் வீட்டார் பார்க்கலாம். கொதிகலனின் மூடியைத் திறப்பது வேறு விஷயம். பிரிட்டனில் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர்களே எரிவாயுப் பகுதியில் கைவைக்கலாம். காரணம், சரியாக எரியாத எரிவாயு கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகத் தெரிந்தாலோ, வீட்டில் இருக்கும்போது மட்டும் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, கொதிகலனை அணைத்து, சன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியே போய், அங்கிருந்தே உதவிக்கு அழைக்க வேண்டும்.