வீட்டுக்குள் தொடங்கிய பள்ளிக்கூடம்



கல்வியைத் தேடுவது கடமை என்பதை நம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டதை ஒரு சமுதாயம் செயலில் காட்ட முற்படும்போது எத்தனை கதவுகள் அடைக்கப்படுகின்றன, அவற்றை அடைப்பவர் யார் என்பதை அறிய சூடான் நாட்டைப் பார்க்க வேண்டும். கணினி மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகவும், அதைப் பிறருக்குக் கற்பிப்பதைப் பொறுப்பாகவும் ஏற்றுக்கொண்ட பெண்கள் அங்கே இருக்கிறார்கள். இதைக் கேட்டவுடன், "வீட்டார் எப்படி அனுமதித்தார்கள்?" என்பதே நம்மில் பலருக்குத் தோன்றும் முதல் கேள்வி. அதற்கு அந்நாட்டுத் தந்தை ஒருவர் 1907ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டார்.

அவர் பெயர் பாபிகர் பத்ரி. மேற்கத்தியக் கல்லூரியில் பயின்று வந்தவர் அல்லர். இளமையில் மஹ்தியின் படையில் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். 1898இல் உம்துர்மானுக்கு அருகே நடந்த போரில் சூடான் வீழ்ந்தபின், நீல நைல் ஆற்றங்கரையிலுள்ள ருஃபாஆ என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு சிறுவர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று அரசிடம் விண்ணப்பித்தார். அரசு மறுத்தது. மீண்டும் கேட்டார், மீண்டும் மறுப்பு.

மறுத்தவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். ஆட்சியிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகள்! பெண்களுக்குப் பள்ளி திறந்தால் முஸ்லிம்கள் கொதித்தெழுவார்கள் என்று அவர்கள் அஞ்சினார்களாம். கேட்பவரே மஹ்தியின் பழைய போர்வீரர் என்பதை அவர்கள் ஏனோ எண்ணிப் பார்க்கவில்லை. கடைசியில் 1907இல் இசைவு கிடைத்தது. அதுவும், பொறுப்பையெல்லாம் பத்ரியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அளவில்தான். களிமண்ணால் கட்டிய வீட்டில் பதினேழு சிறுமிகளோடு பள்ளி தொடங்கியது. அவர்களில் ஒன்பது பேர் அவருடைய சொந்த மகள்கள். எஞ்சிய எட்டுப் பேர் அண்டை வீட்டாரின் பிள்ளைகள். ஊராரின் பேச்சுக்குத் தம் வீட்டுப் பெண்களையே முன்னிறுத்தி அவர் பதில் சொன்னார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அந்த விதை பரவியது. 1952இல் காலிதா ஸாஹிர் மருத்துவப் படிப்பை முடித்து, சூடானின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். 1966இல் பத்ரியின் மகன் யூசுஃப் பத்ரி, உம்துர்மானில் பெண்களுக்கென்றே அஹ்ஃபாத் கல்லூரியை நிறுவினார். முதலில் சேர்ந்த மாணவியர் 23 பேர், ஆசிரியர்கள் மூவர். 1995இல் அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 'அஹ்ஃபாத்' என்றால் பேரப்பிள்ளைகள் என்று பொருள். பெயருக்கேற்ப, பாட்டனின் பள்ளி பேத்திகளுக்குக் கல்லூரியாயிற்று. எல்லாத் தந்தையரும் பத்ரியைப் போல் இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கிராமங்களில் எழுத்தறியாத பெண்கள் இன்றும் ஏராளம். ஆயினும், படித்த பெண் என்பது அங்கே புதுமையாக இல்லாத காலம் வந்தது.

அந்தக் காலத்தில்தான் வேறொரு கதவு அடைபட்டது. சூடான் அரசு பயங்கரவாதத்திற்குத் துணைபோகிறது என்று கூறி, 1997 நவம்பரில் அமெரிக்கா அந்நாட்டின்மீது முழுமையான பொருளாதாரத் தடை விதித்தது. அரசின்மீது விதித்த தடை, கணினி கற்கும் மாணவியின் மேசைவரை எப்படி வந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

மென்பொருள் எழுதுபவர் ஒவ்வொரு வரியையும் தாமே புதிதாக எழுதுவதில்லை. உலகெங்கும் உள்ளவர்கள் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களைக் கொண்டே தம் வேலையைத் தொடங்குகிறார். தையற்காரர் நூலைத் தாமே நூற்பதில்லை அல்லவா? அப்படித்தான். அந்த நிரல்களைச் சேர்த்து வைத்திருந்த பெரும் களஞ்சியங்களில் ஒன்றான சோர்ஸ்ஃபோர்ஜ், 2010 ஜனவரியில் சூடான் உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்தது. இலவசமாக வைக்கப்பட்ட பொருள், ஆனால் இந்த ஊர்க்காரருக்கு மட்டும் இல்லை! 2014 ஜனவரியில் இணையவழிப் பாடங்கள் நடத்தும் கோர்ஸெராவும் சூடானியருக்குத் தன் பாடங்களை நிறுத்தியது. பன்னாட்டு வங்கி அட்டைகள் செல்லாததால், பணம் கொடுத்து வாங்கவும் வழியில்லை. அட்சியாளரைத் தண்டிக்க விதித்த தடையில் அதிகம் தவித்தது கற்க விரும்பியவர்களே.

2015இல் சில தளர்வுகள் வந்தன. 2017 அக்டோபரில் பொருளாதாரத் தடை நீங்கியது. பயங்கரவாத ஆதரவு நாடுகளின் பட்டியலிலிருந்து சூடானின் பெயர் நீக்கப்பட 2020 டிசம்பர் ஆயிற்று. அதுவரை வெளிநாட்டு வங்கிகள் தயங்கியே நின்றன.

இத்தகைய நிலையில், ஒருத்தி கற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டால் அடுத்தவளுக்கு வழியே இல்லை. தரவிறக்க முடிந்த ஒரு கோப்பு பத்துப் பேருக்குப் பிரதியாகச் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கற்ற பாடத்தை அரபியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். சூடானில் பெண் பொறியாளர் ஆசிரியையாகவும் ஆவதன் காரணத்தை இங்கேதான் காண்கிறோம்.

அடுத்து உள்நாட்டு ஆட்சியாளர்களின் முறை. 2019 ஜூன் 3 அன்று கார்த்தூமில் போராட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, இராணுவ ஆட்சியினர் இணையத்தைத் துண்டித்தனர். அப்துல் அளீம் ஹஸன் என்ற வழக்கறிஞர் நீதிமன்றம் சென்று வென்றார். ஆனால் தம் பெயரில் மட்டும் வழக்குத் தொடுத்திருந்தார் என்று கூறி, நாட்டில் அவர் ஒருவருடைய கைப்பேசிக்கு மட்டும் இணைப்புக் கொடுத்தார்களாம்! மற்றவர்களுக்காகவும் அவர் மீண்டும் வழக்காடியபின், ஜூலை 9 அன்று பொதுமக்களுக்கு இணையம் திரும்பியது.

2023 ஏப்ரல் 15 அன்று இராணுவத்துக்கும் துணை இராணுவப் படைக்கும் இடையே மூண்ட போர் எல்லாவற்றையும் கலைத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். தலைநகரின் பல்கலைக்கழக வகுப்புகள் நின்றன. ஆசிரியைகளும் மாணவியரும் போர்ட் சூடானுக்கும் கெய்ரோவுக்கும் வேறு பல ஊர்களுக்கும் சிதறினர். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு நாட்டின் பெரும்பகுதியில் அறவே அற்றுப்போனது. பத்ரியின் ருஃபாஆ அமைந்துள்ள ஜஸீரா மாநிலத்தின் தலைநகரான வத் மதனி, 2023 டிசம்பரில் துணை இராணுவப் படையிடம் வீழ்ந்து, 2025 ஜனவரியில்தான் மீட்கப்பட்டது. கார்த்தூமை இராணுவம் 2025 மார்ச்சில் மீட்டது.

கட்டடம் இல்லாதபோது பாடம் மறுபடியும் வீட்டுக்கே திரும்பியது. இணைப்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாத இடத்தில் நீண்ட காணொளிகள் பயன்படா. எழுத்தில் அமைந்த சிறு குறிப்பும், சில நிமிட ஒலிப்பதிவும், இணைப்பு வரும் நேரத்தில் இறக்கிவைத்துக்கொள்ளும் பயிற்சிக் கணக்குகளுமே கைகொடுக்கும். மாணவி இணைப்பில்லாமலே நிரலை எழுதிப் பார்த்து, பிழைகளைக் குறித்துவைத்து, அடுத்தமுறை இணைப்பு வரும்போது தன் ஆசிரியைக்கு அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறாள்.