சரிவிலே ஒரு மனை

உவர்மலையிலும், துறைமுகத்தைச் சூழ்ந்த ஏனைய மேடுகளிலும் வீடு கட்ட விழையும் அன்பர்க்கு முதலில் எழும் எண்ணம், நிலத்தை வெட்டிச் சமப்படுத்திவிடலாம் என்பதே. அதன் விலை யாதென்பதை ஈண்டு ஆராய்வோம்.

6 அடிக்கு 1 அடி தாழும் காணியொன்றை எடுத்துக்கொள்வோம். சரிவின் வழியே 30 அடி நீளும் வீட்டின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் 5 அடி வேறுபாடு உண்டு. மேலே வெட்டிய மண்ணைக் கீழே நிரப்பி அத்திவாரமிட்டால், வீட்டின் ஒரு பாதி கடுந்தரையிலும் மறுபாதி தளர்ந்த மண்ணிலும் நிற்கும். நிரப்பிய மண் காலப்போக்கில் இறங்கும், கடுந்தரை இறங்காது, இடையே சுவர் வெடிக்கும். முழுவதையும் வெட்டினாலோ, பின்புறத்தே 5 அடி உயரமான அணைசுவர் வேண்டும்.

மாறாக, வீட்டை 15 அடி கொண்ட இரு தளங்களாக வகுத்து, இடையே 6 அங்குலப் படிகள் ஐந்து அமைப்போம். இப்போது வெட்டும் மண் பாதியாகின்றது. 5 அடிச் சுவரொன்றுக்குப் பதிலாக 2½ அடிச் சுவர்கள் இரண்டே வேண்டும். உயரம் பாதியானால் சுவரைத் தள்ளும் மண்ணின் விசை நாலிலொன்றாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

இம்முறை எம் நாட்டுக்குப் புதிதன்று. மினெட் டி சில்வா அம்மையார் (1918–1998) கண்டி மலைச்சரிவிலே அமைத்த கருணாரத்ன இல்லம் 1951இல் நிறைவெய்தியது. மலையை மட்டமாக்காது, அதன் சரிவுக்கேற்பத் தளங்களை அவர் வகுத்தார். கொங்கிறீற்றோடு தும்பறைப் பாய்வேலையையும் இணைத்தார்.

மண்ணினும் வலிய பகை நீர். வாடைக்காற்றோடு வரும் மாரியில், சுவரின் பின்னே தேங்கும் நீர் மண்ணோடு சேர்ந்து தள்ளும். ஆதலின் அணைசுவரின் பின்னே சல்லி நிரப்பி, சுவரிலே நீர் வடியும் துளைகள் விடுதல் வேண்டும். மேல் எல்லையோரம் ஒரு வாய்க்கால் வெள்ளத்தை வீட்டைச் சுற்றித் திருப்ப வேண்டும். அவ்வாய்க்காலைக் கீழ்வீட்டார் முற்றத்திலே கொண்டு முடித்தல் அறமன்று. வீதி வடிகால்வரை அது செல்லுதல் வேண்டும்.

மேட்டு வீட்டுக்குக் காற்றும் மிகுதி. 1964 டிசம்பர்ச் சூறாவளியை அறிந்த எம்மூரவர், கூரையைச் சுவரின் மேலுள்ள கொங்கிறீற்று வளையத்தோடு இறுகப் பிணித்தலின் இன்றியமையாமையை உணர்வர்.

இறுதியாக ஒன்று. படிகள் இளையோர்க்கு அழகு, முதியோர்க்கு இடர். வாயில் மட்டத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் அமைப்போமாயின், பெற்றோரும், நாளை முதுமை எய்தும் நாமும், பிறர் துணையின்றி அவ்வீட்டில் வாழலாம். துறைமுகக் காட்சிக்குச் சாளரம் வகுக்குமுன், நில அளவையாளரிடம் காணியின் ஏற்றத்தாழ்வைக் காட்டும் படமொன்றைப் பெறுவதே முதற்பணியாகும்.